விரிசல் விட்ட மோட்டார் சைக்கிள் கவசம்: பசைக்கு முன் எழுத்தைப் படியுங்கள்

தோட்டப்புறத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. இருள் பிரியுமுன் நிரைக்குச் செல்வதற்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதற்கும், பட்டணத்திலிருந்து அரிசி மூட்டையைக் கொண்டு வருவதற்கும் அதுவே துணை. மழை பெய்த செம்மண் சாலையில் அது ஒருமுறையேனும் சறுக்கி விழாமல் இராது. விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தால் எஞ்சின் ஓடும், சக்கரம் சுழலும், ஆனால் கால்களுக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் கவசத்தில் ஒரு விரிசல் கோடு ஓடியிருக்கும். பட்டறைக்காரர்கள் இதனைக் 'கவர்' என்பார்கள். ஒரு துண்டுக்காக முழுக் 'கவர் செட்' வாங்க நேர்ந்தால் சில நாள் கூலி அதிலேயே போய்விடும். ஆகவே நம்மில் பலர் கடைக்குச் சென்று சிறு குழாயில் விற்கும் யானைப் பசையை வாங்கி வந்து ஒட்டுகிறோம். ஒட்டியது சில வேளை நிற்கிறது. பல வேளை நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை என்பதையும், குறைந்த செலவில் நிற்கும்படி செய்வது எப்படி என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

இதை எழுதுபவரும் அவ்வாறு ஒட்டிப் பார்த்தவரே. சில ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தபோது, மழை நாளொன்றில் வண்டி வழுக்கி இடது பக்கக் கால் கவசம் ஒரு சாண் நீளத்திற்குப் பிளந்துவிட்டது. அன்று மாலையே யானைப் பசையைப் பூசி, கை விரல்களும் ஒட்டிக்கொள்ள, கோடு தெரியாதபடி சேர்த்து முடித்தேன். மறுநாள் பணி நிமித்தம் பெருநிலம் செல்லப் பினாங்குப் பாலத்தில் ஏறினேன். கடற்காற்று வீசியதும் காலருகே படபடவென்று ஓசை கேட்டது. ஒட்டிய இடம் முழுவதும் வாய் திறந்துவிட்டது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டவும் முடியாது. பாலத்தில் நிறுத்தவும் கூடாது. அந்த அச்சத்தை இன்றும் மறக்கவில்லை.

மாலையில் சந்துக்குள் இருந்த ஒரு முதிய பட்டறைக்காரரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அவர் கவசத்தைக் கழற்றி, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பி, அழுக்கைத் துடைத்து, அங்கே அச்சாகியிருந்த இரண்டு ரோமன் எழுத்துகளைச் சுட்டிக் காட்டினார். "சார், நீங்கள் வாத்தியார் வேலை பார்த்தவர் என்கிறீர்கள். எழுத்தைப் படிக்காமல் பசையைப் போட்டுவிட்டீர்களே!" என்றார். அந்த எழுத்துகள் பி.பி. என்பவை. அவற்றைப் படித்திருந்தால் பசைக்கே காசு செலவழித்திருக்கமாட்டேன்.

இந்தக் கவசம் நம் நாட்டுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டில் 'சூப்பர் கப்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. ஓட்டுநரின் கால்களைச் சேற்றிலிருந்தும் காற்றிலிருந்தும் காக்கும் பிளாஸ்டிக் கவசம் அதில் இடம்பெற்றிருந்தது. அக்காலத்து மோட்டார் சைக்கிள்களில் அது ஒரு புதுமை. அதே ஆண்டில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அந்நிறுவனத்தின் விற்பனை உரிமையைப் பெற்று அவ்வண்டியை மலாயாவுக்குக் கொண்டு வந்தார். சிறுவனாகச் சீனாவிலிருந்து பினாங்கு வந்து, பேருந்து கழுவியும் பழுது பார்த்தும் வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர், 1995இல் காலமானார். சூப்பர் கப் வரிசை வண்டிகளின் உலக மொத்த உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தொட்டது. நாம் 'கப்சாய்' என்று அழைக்கும் வண்டிகளெல்லாம் அந்தக் குடும்பத்தின் வழிவந்தவையோ, அதனைப் பார்த்துச் செய்தவையோ ஆகும். கெடாவின் குருணில் உருவான மோடனாஸ் கிரிஸ் வண்டியின் கவசமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இனிப் பாடத்திற்கு வருவோம்.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளன்று. மரம் என்று சொன்னால் ரப்பர் மரமும் மரம், மூங்கில் போன்ற புதரும் சிலருக்கு மரம் என்பதுபோல, பிளாஸ்டிக் என்ற பெயருக்குள் பல வேறு பொருள்கள் அடங்கியுள்ளன. நம் வண்டிகளின் கவசங்களில் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு. ஒன்று ஏ.பி.எஸ்.; மற்றொன்று பி.பி. எனப்படும் பாலிபுரோப்பிலீன்.

ஏ.பி.எஸ். என்பது அக்ரிலோநைட்ரில், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்னும் மூன்று பொருள்களின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர். இவற்றுள் நடுவில் நிற்கும் பியூட்டடையீன் நமக்கு உறவினர் போன்றது. அதிலிருந்து செய்யப்படுவது ஒரு வகைச் செயற்கை ரப்பர். கண்ணாடிபோல் கடினமாகவும் எளிதில் நொறுங்கும்படியும் இருக்கும் பிளாஸ்டிக்கினுள், கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு ரப்பர்த் துளிகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். அடி விழும்போது அத்துளிகள் விசையை வாங்கிக்கொள்கின்றன. ஆகவே கவசம் உடனே நொறுங்குவதில்லை. மரத்தில் வடியும் பாலைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதைக் கேட்பதில் ஒரு பெருமை இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் ரப்பருக்குள்ள குறையும் இதற்கு உண்டு. பல ஆண்டு வெயிலில் கிடந்த ரப்பர் வளையம் எப்படி விறைத்து வெடிக்கிறதோ, அதுபோலவே இந்தத் துளிகளும் கதிரவனின் ஒளியாலும் காற்றாலும் கெட்டுவிடுகின்றன. கொட்டகையில் நின்ற பழைய வண்டியின் கவசம் இன்னும் உறுதியாக இருக்க, வெயிலில் நின்ற புது வண்டியின் கவசம் சிறு இடிக்கே பிளப்பது இதனால்தான்.

பாலிபுரோப்பிலீனை நாம் ஒவ்வொரு நாளும் கையாள்கிறோம். உரமும் அரிசியும் வரும் நெய்த மூட்டை, பொட்டலம் கட்டும் ராஃபியா கயிறு, மிஞ்சிய குழம்பை ஊற்றி வைக்கும் மூடியுள்ள டப்பா ஆகியவை பெரும்பாலும் அதனாலேயே ஆனவை. டப்பாவின் அடியில் முக்கோணக் குறிக்குள் 5 என்னும் எண் இருந்தால் அது இதுவே. வளைத்தால் வளையும், எளிதில் உடையாது, விலையும் குறைவு. ஆயினும் இதன் மேற்பரப்பு மெழுகு போன்றது. எதுவும் அதில் பற்றுவதில்லை. ராஃபியா கயிற்றைப் பசையால் ஒட்டி முடிச்சுக்குப் பதிலாகப் பயன்படுத்த யாரும் முயல்வதில்லை அல்லவா? அதே பொருளால் ஆன கால் கவசத்தில் மட்டும் பசை பற்றும் என்று நான் எதிர்பார்த்தேன்.

ஆகவே முதல் வேலை, கவசத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைச் சோப்பு நீரால் கழுவி எழுத்தைத் தேடுவது. தொழிற்சாலைக் கவசங்களில் இரு அம்புக்குறிகளுக்கு நடுவே இவ்வெழுத்துகள் புடைப்பாக இருக்கும். மலிவான மாற்றுக் கவசங்களில் எழுத்தே இல்லாமலும் போகலாம். அப்போது நீரைக் கேட்டறியலாம். கவசத்தின் மறைவான ஓரத்திலிருந்து, வண்ணப் பூச்சு இல்லாத ஒரு சிறு சீவலைக் கத்தியால் எடுத்து, ஒரு சொட்டுச் சோப்புக் கலந்த நீரில் அமிழ்த்தி விட வேண்டும். சோப்பு எதற்கெனில், சீவலில் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நம்மை ஏமாற்றாதிருப்பதற்கு. நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.90, அது மிதக்கும். ஏ.பி.எஸ். 1.04க்கும் மேல், அது மூழ்கும்.

பால் நிறுக்கும் கொட்டகையில் மெட்ரோலாக் கருவியைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. ரப்பர் நீரைவிட இலேசானது. பாலில் ரப்பர் மிகுந்திருந்தால் அந்தப் பாலும் இலேசாகும். கருவி ஆழமாக இறங்கும். நீர் கலந்த பாலில் அது உயர்ந்து நிற்கும். மிதப்பதையும் மூழ்குவதையும் வைத்துப் பொருளை அறியும் அதே கணக்கை இங்கே ஒரு கிண்ண நீரில் செய்கிறோம். ஒரு எச்சரிக்கை: மாவுக்கல் தூள் கலந்து செய்த பாலிபுரோப்பிலீனும் சில உண்டு, அவை மூழ்கிவிடும். ஐயம் இருந்தால் மறைவான இடத்தில் ஒரு துளி அசிட்டோனைத் தொட்டுப் பாருங்கள். ஏ.பி.எஸ். பிசுபிசுக்கும், பாலிபுரோப்பிலீன் அசையாது. எரித்துப் பார்த்து வாசனையால் கண்டுபிடிக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஏ.பி.எஸ். எரியும் புகையில் நச்சு வாயுக்கள் உள்ளன.

விரிசலின் நுனி

எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. துணிக்கடைக்காரர் துணியைக் கிழிப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டுப் போடுகிறார். பிறகு இழுத்ததும் துணி சரசரவென்று கிழிகிறது. வெட்டு இல்லாத துணியை அவ்வளவு எளிதாகக் கிழிக்க இயலாது. இழுக்கும் விசை முழுவதும் அந்த வெட்டின் கூர்மையான நுனியில் வந்து குவிவதே காரணம். துளை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு விசை அதன் நுனியில் குவியும் என்பதை இங்கிலீஸ் என்னும் ஆங்கிலப் பொறியியல் பேராசிரியர் 1913இல் கணக்கிட்டுக் காட்டினார். கப்பல்களின் இரும்புத் தகடுகள் துளைகளின் மூலையிலிருந்து பிளப்பதை ஆராய்ந்த காலம் அது.

இக்கணக்கு நமக்குத் தரும் மருந்து மிக எளியது. விரிசல் முடியும் நுனியில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டத் துளை இட வேண்டும். கூர்மையான நுனி வட்டமாகிவிடும், விசை பரந்துவிடும், விரிசல் மேலே ஓடாது. ஆனால் உண்மையான நுனியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கு அப்பாலும் விரிசல் மெல்லியதாகச் சென்றிருக்கும். கவசத்தைச் சிறிதே வளைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முடியும் இடத்திற்குச் சற்று அப்பால் துளையிடுவது நலம். துளையிடும் கருவி இல்லாதவர்கள் சூடாக்கிய ஆணியால் துளையிடலாம். ஆனால் விளிம்பைக் கத்தியால் வழவழப்பாகச் சீவிவிட வேண்டும். வண்டியில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். கப்சாய் வண்டிகளில் இருக்கைக்கு அடியிலேயே பெட்ரோல் தொட்டி உள்ளது. கழற்றிய கவசத்தை எடுத்துக்கொண்டு, காற்றோட்டமான இடத்திற்கு வந்து, வண்டிக்கும் அடுப்புக்கும் வெகு தூரத்தில் வேலையைச் செய்யுங்கள்.

ஏ.பி.எஸ். கவசமாக இருந்தால்

இது நல்வாய்ப்பு. ஏ.பி.எஸ். அசிட்டோனில் கரையும் இயல்புடையது. ஆகவே அதனை ஒட்டுவதைவிடக் கரைத்து ஒன்றாக்கலாம். இதற்கு வேண்டியவை சுத்தமான அசிட்டோன் ஒரு சிறு புட்டியும், அதே வகையைச் சேர்ந்த உடைந்த துண்டுகளும் மட்டுமே. நகப்பூச்சு அழிக்கும் நீரில் பல வகை உண்டு. அசிட்டோன் இல்லாதவையும் எண்ணெய் கலந்தவையும் இதற்கு உதவா. உடைந்த ஏ.பி.எஸ். துண்டு எங்கே கிடைக்கும் என்பீர்கள். எந்தப் பட்டறையின் மூலையிலும் கிடக்கும். கேட்டால் சும்மாவே தருவார்கள். டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு நகர விளையாட்டரங்கின் அருகே காலையில் கூடும் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை உண்டு. பழைய திருகுளிகளும் சூட்டுக்கோல்களும் அங்கே பேரம் பேசி வாங்கலாம்.

துண்டுகளை நகத்தளவாக நறுக்கி ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டு, அவை மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி, மூடி ஓரிரவு வைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் குவளையில் வைத்தால் குவளையே கரைந்துவிடக்கூடும். காலையில் அது கெட்டிப்பால்போல் குழைவாக இருக்கும். நீர்த்திருந்தால் இன்னும் சில துண்டுகளும், இறுகியிருந்தால் இன்னும் சிறிது அசிட்டோனும் சேர்க்கலாம். விரிசலின் பின்பக்கத்தில் கத்தியால் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் ஒரு பள்ளம் சீவி, இருபுறமும் இரண்டு விரல் அகலத்திற்கு மணல்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். முன்பக்கத்தில் விளிம்புகளைச் சரியாகச் சேர்த்து ஒட்டுநாடாவால் இறுக்கிய பின், பின்பக்கப் பள்ளத்தில் குழம்பைத் தடவ வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலோர் பொறுமை இழக்கிறார்கள். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டிக்கொள்ளும்; உள்ளே அசிட்டோன் சிக்கிக் குமிழிகள் தோன்றும்; பார்வைக்குக் காய்ந்தது போலிருந்தும் உள்ளே மென்மையாகவே இருக்கும். மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்தபின் மற்றொன்று என்று மூன்று நான்கு முறை பூச வேண்டும். இரண்டாவது பூச்சின்மீது கண்ணாடி இழைத் துணியோ மெல்லிய எவர்சில்வர் கம்பி வலையோ ஒரு பட்டையாக வைத்து, அது மறையும்படி அடுத்த பூச்சைப் பூசினால் வலிமை பன்மடங்காகும். சிமெண்டுக்குள் கம்பி வைப்பதன் நோக்கமே இங்கும். முடிந்ததும் ஒரு முழு நாளேனும் நிழலில் உலர விடுங்கள். இரண்டு நாள் விட்டால் இன்னும் நன்று. வீட்டுக் குழாய்க்குரிய பி.வி.சி. துண்டுகளை இக்குழம்பில் கலக்க வேண்டாம்; அது வேறு சாதி.

அசிட்டோன் பெட்ரோலைப் போலவே எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். பக்கத்தில் சிகரெட்டோ கொசுவர்த்தியோ இருக்கலாகாது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பெயரெழுதி வைக்க வேண்டும். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது பெருந்தவறு.

யானைப் பசையைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். சயனோஅக்ரிலேட் எனப்படும் அப்பசை ஏ.பி.எஸ்.ஸில் நன்றாகவே பற்றும். காற்றிலுள்ள ஈரத்தால் நொடியில் இறுகுவது அதன் சிறப்பு. மயிரிழை போன்ற விரிசலுக்கும், விளிம்புகளை அங்கங்கே பொட்டு வைத்து நிறுத்துவதற்கும் அது போதும். ஆனால் இறுகிய பசை கண்ணாடிபோல் விறைப்பானது. எஞ்சினின் அதிர்வை நெடுநாள் தாங்காது. சமையல் சோடாவைத் தூவிப் பசையை விட்டால் கல்போல் உடனே இறுகிப் பள்ளத்தை நிரப்பும் என்பது உண்மையே. அதையும் பின்பக்கப் பட்டை இல்லாமல் நம்ப வேண்டாம். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ இப்பசை மிகுதியாகக் கொட்டினால் கடுஞ்சூடு உண்டாகிப் புகையும், கையைச் சுட்டுவிடும். துடைப்பதற்குப் பழைய பருத்திச் சட்டையை எடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் கவனிக்க.

பி.பி. கவசமாக இருந்தால்

பசையை மறந்துவிடுங்கள். இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எப்பாக்சிப் பசையும் இதில் நில்லாது. சில நாளில் செதிலாக உரிந்து வரும். பாலிபுரோப்பிலீனுக்கு உள்ள வழிகள் இரண்டு: சூட்டினால் உருக்கி இணைப்பது, அல்லது தைப்பது.

உருக்குவதற்கு ஈயம் பற்றவைக்கும் மின் சூட்டுக்கோலே போதும். டத்தோ கிராமாட் சாலையையும் ஈயப் பற்றையும் சேர்த்து நினைக்கும்போது ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. பற்றவைக்கும் கம்பியில் கலந்திருக்கும் வெள்ளீயத்தை உருக்கிய பெரும் ஆலை ஒன்று அச்சாலையில் பல்லாண்டுகள் இயங்கியது. 1907இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் கம்பெனியாக அமைந்த அந்த ஆலை பின்னாளில் டத்தோ கிராமாட்டின் பெயரையே தாங்கியது. அது நின்ற நிலத்தில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் என்னும் கட்டடத் தொகுதி உள்ளது. நம் வேலைக்கு ஈயம் தேவையில்லை. கோலின் சூடு மட்டுமே தேவை. கோலின் நுனியில் ஈயம் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள்.

பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் உருகும். சூட்டுக்கோலோ அதனினும் இருமடங்கு சூடாகக்கூடியது. ஆகவே கோலை ஓரிடத்தில் நிறுத்தாமல், விரிசலுக்குக் குறுக்கே சிறு சிறு கோடுகளாக இழுத்து இருபுறத்தையும் ஒன்றோடொன்று குழைக்க வேண்டும். புகை எழுந்தால் சூடு மிகுதி என்று பொருள். குழைத்த இடம் மெலிந்துவிடுமாதலால் மேலே சேர்க்க அதே பிளாஸ்டிக் வேண்டும். முன்பு சொன்ன 5 எண் இட்ட டப்பாவை மெல்லிய குச்சிகளாக வெட்டி, உருகும் பள்ளத்தில் ஊட்டலாம். ஏ.பி.எஸ்.ஸை இதில் ஊட்டினால் அது ஒருபோதும் கலவாது. எண்ணெயும் நீரும்போல் பிரிந்தே நிற்கும். எவர்சில்வர் கம்பியைச் சிறு கொக்கிகளாக வளைத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, கோலால் அழுத்திப் பின்பக்கத்தில் புதைத்துவிட்டால் பிளவு மறுபடி திறவாது. சாதாரண இரும்புக் கம்பி துருவேறிவிடும்.

மின் கருவியே இல்லாதவர்க்குத் தையல் இருக்கிறது. எனது கவசத்தை அந்தப் பட்டறைக்காரர் இம்முறையில்தான் செப்பனிட்டார். விரிசலின் இருபுறமும், விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, எதிரெதிராகத் துளைகள் இட்டார். ஒரு சாண் விரிசலுக்கு ஐந்து இணைத் துளைகள். மின்கம்பிகளைக் கட்டும் நைலான் பட்டைகளை அவற்றில் நுழைத்து, முடிச்சு பின்பக்கம் வருமாறு இறுக்கி, மிஞ்சிய வாலை நறுக்கிவிட்டார். கறுப்புக் கவசத்தில் கறுப்புப் பட்டை அவ்வளவாகத் தெரியவில்லை. தெரிந்தாலும் வெட்கம் ஒன்றுமில்லை. வயிற்றில் அறுவைத் தையல் உள்ளவன் அதை மறைத்தா வேலை செய்கிறான்? நைலான் பட்டை வெயிலில் சில ஆண்டுகளில் நொறுங்கும். வெள்ளையைவிடக் கறுப்புப் பட்டை நெடுநாள் உழைக்கும்.

வண்ணம் பூசுவதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஏ.பி.எஸ். வண்ணத்தை ஏற்கும், பாலிபுரோப்பிலீனில் அதற்குரிய அடிப்பூச்சு இல்லாமல் பூசினால் உரிந்துவிடும். ஒட்டுப்படம் ஒன்றை வாங்கி மேலே ஒட்டுவது மலிவு.

ஒட்டக் கூடாதவை

சிக்கனம் நல்லதே, ஆயினும் சில பகுதிகளில் அது உயிரோடு விளையாடுவதாகும். முன்சக்கரத்தின் மேலுள்ள சேற்றுத்தகடு அதன் திருகு இருக்கும் இடத்தில் உடைந்திருந்தால் ஒட்டாதீர்கள். அது ஓட்டத்தில் பிய்ந்து சக்கரத்துக்கும் கவைக்கும் நடுவே சிக்கினால் சக்கரம் நின்றுவிடும். ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். பிடிகம்பியை மூடியுள்ள கவசத்தில்தான் பல வண்டிகளின் முன்விளக்கு அமர்ந்திருக்கிறது. அதன் பிடிப்பு முறிந்தால் ஒளி சாலையை விட்டு மேலே பாயும், அல்லது காலடியில் விழும். விடியுமுன் வெளிச்சமில்லாத தோட்டச் சாலையில் செல்பவர்க்கு அந்த ஒளியே கண். பகலிலும் மோட்டார் சைக்கிள் விளக்கெரித்துச் செல்ல வேண்டும் என்பது நம் நாட்டில் 1992 முதல் உள்ள விதி. இவ்விரண்டுக்கும் மட்டும் புதுத் துண்டு வாங்கிவிடுங்கள். மற்றக் கவசங்களை ஒட்டி மிச்சம்பிடித்த காசு இதற்கு உதவட்டும்.

மூன்றாவது, தலைக்கவசம். மலிவான தலைக்கவசங்கள் பலவற்றின் ஓடும் இதே ஏ.பி.எஸ்.தான். ஆகவே இப்பாடத்தைப் படித்த கையோடு விரிசல் விட்ட தலைக்கவசத்திலும் அசிட்டோன் குழம்பைப் பூசலாமே என்று யாருக்கேனும் தோன்றலாம். கூடவே கூடாது. கால் கவசம் சேற்றைத் தடுத்தால் போதும். தலைக்கவசமோ ஒரே ஒரு நொடியில், ஒரே ஒரு முறை, மண்டையோட்டுக்கு வரும் அடியை வாங்கிக்கொள்ள வேண்டியது. ஓட்டில் விரிசல் விழுந்திருந்தால் உள்ளே இருக்கும் நுரைத் திண்டும் நசுங்கியிருக்கலாம். அது மீண்டும் விரிவதில்லை. அசிட்டோனோ அந்த நுரையையே கரைத்து ஓட்டை ஆக்கிவிடும். 1973 முதல் தலைக்கவசம் அணிவது இந்நாட்டில் கட்டாயம். மலேசியத் தரநிலைகளின் வரிசையில் எண் 1 பெற்றது தலைக்கவசத்திற்குரிய தரநிலையே என்பதையும் அறிக. விழுந்து அடிபட்ட தலைக்கவசத்தை இரண்டாக வெட்டிக் குப்பையில் எறியுங்கள். முழுதாக எறிந்தால் வேறொருவர் எடுத்து அணிந்துகொள்வார்.

விரிசல் ஏன் வந்தது?

விழுந்ததால் வந்தது என்பது பாதி விடைதான். செப்பனிட வரும் கவசங்களை உற்று நோக்கினால், பல விரிசல்கள் திருகுத் துளையிலிருந்தே புறப்பட்டிருப்பதைக் காணலாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அத்துளைகளில் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. ஒருமுறை கழற்றும்போது அவை தொலைந்துவிடுகின்றன. அடுத்த முறை இரும்புத் திருகு நேராகப் பிளாஸ்டிக்கை அழுத்துகிறது. ஆடுகிறதே என்று நாம் இன்னும் முடுக்குகிறோம். எஞ்சின் ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கான முறை அதிர, அந்தத் துளையின் விளிம்பில் மயிரிழைக் கோடு தொடங்கிவிடுகிறது. வழுக்கி விழுந்த நாளில் நடந்தது அதன் முடிவு மட்டுமே.

வேறொரு காரணம் நம் பழக்கம். கவசத்தில் ஒட்டிய தாரையும் எண்ணெய்க் கறையையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்கிறோம். துடைத்த அன்று பளபளக்கும். ஆனால் பெட்ரோலும், நிறுத்தி எண்ணெயும் ஏ.பி.எஸ்.ஸினுள் ஊறி, இறுக்கமாக உள்ள இடங்களில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குபவை. சோப்பு நீரே போதுமானது. நிறுத்தி எண்ணெய் சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவிவிட வேண்டும்.

தொலைந்த ரப்பர் வளையத்துக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கிழிந்துபோன பழைய டயர் டியூப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சென் நாணயத்தை அதன்மேல் வைத்துக் கோடிட்டு, கத்தரியால் வட்டமாக வெட்டி, நடுவில் திருகு நுழையும் அளவுக்குத் துளையிட்டால் வளையம் ஆயிற்று. கவசத்தின் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என்று ஒவ்வொரு திருகுக்கும் இரண்டு இடுங்கள். திருகை முதலில் விரலாலேயே சுழற்றி ஏற்றி, எல்லாத் திருகுகளும் அமர்ந்த பின்னரே திருகுளியால் முடுக்க வேண்டும். டியூப் வளையம் ஓரத்தில் சற்றே புடைக்கத் தொடங்கும். அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள்.